சாரதா மேனன் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும்: எதைச் சொல்வது, எதை விடுவது?

குறிஞ்சி_முதுநிலை கேட்டது:

வணக்கம். மனநல மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறைக் கூட்டத்தில் மாதம் ஒரு மூத்த மருத்துவரைப் பற்றி 20 நிமிடம் பேசும் வழக்கம் உண்டு. இந்த முறை டாக்டர் சாரதா மேனன். தேடினால் எங்கும் ஒரே பத்திதான் கிடைக்கிறது: இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், பத்ம பூஷண், அன்பே உருவானவர், மாணவர்களுக்குத் தாய் போன்றவர். அஞ்சலிச் சுவரொட்டிக்கு இது போதும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தினமும் வார்டில் வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்குப் போதாது.

சென்னை கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையில் அவர் பொறுப்பேற்றபோது நிலைமை என்ன, நடைமுறையில் என்ன மாறியது? மறுவாழ்வு என்ற பேச்சு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறதே, அதில் இன்றைய மாணவர் கையில் எடுத்துச் செய்யக்கூடியது எது? நோயாளிகள் இருக்கும் பழைய படங்களைத் திரையில் காட்டலாமா? ஆண்டுகளில் எங்கெங்கே பிழை வருகிறது?

புகழ்மொழி வேண்டாம், விவரம் வேண்டும்.

தாள்_தேடி:

ஆண்டுகளை முதலில் கட்டிவிடுவோம்.

பிறப்பு 1923 ஏப்ரல் 5, மங்களூர். மலையாளக் குடும்பம், படிப்பு சென்னையில். பெண்கள் கிறித்துவக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. மருத்துவப் பட்டம் 1951. டெல்லி இர்வின் மருத்துவமனையில் பயிற்சி. அதன்பின் பெங்களூரில் மனநல மருத்துவப் பட்டயம். கீழ்ப்பாக்கத்தில் சேர்ந்தது 1959, கண்காணிப்பாளர் ஆனது 1961. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஓய்வு 1978. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஆராய்ச்சி அறக்கட்டளையான ஸ்கார்ஃப் தொடங்கியது 1984. பத்ம பூஷண் 1992. தமிழக அரசின் ஔவையார் விருதும் பெற்றார். மறைவு 2021 டிசம்பர் 5, வயது 98.

வழக்கமாக வரும் பிழைகள் இவை. 'நிம்ஹான்ஸில் படித்தார்' என்று எழுதுவார்கள். அவர் படித்த காலத்தில் அது அகில இந்திய மனநலக் கழகம்; 1954இல் தொடங்கியது. நிம்ஹான்ஸ் என்ற பெயரும் அமைப்பும் 1974இல்தான் வந்தன. அடுத்தது 'மனநலக் கழகத்தின் கண்காணிப்பாளர்' என்பது. கீழ்ப்பாக்கத்துக்கு மனநலக் கழகம் என்ற பெயர் கிடைத்ததே 1978இல், அதாவது அவர் ஓய்வு பெற்ற ஆண்டில். அவர் 17 ஆண்டு தலைமை தாங்கியது அரசு மனநோய் மருத்துவமனைக்கு.

மருத்துவமனையின் வயதிலும் குழப்பம் உண்டு. சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் இல்லத்தை வாலண்டைன் கோனலி புரசைவாக்கத்தில் தொடங்கியது 1794. கீழ்ப்பாக்கம் வளாகம் திறந்தது 1871. இரண்டையும் ஒன்றாக்கி '1794 முதல் கீழ்ப்பாக்கத்தில்' என்று எழுதுகிறார்கள்.

ஸ்கார்ஃப் அரசு அமைப்பு இல்லை. ஓய்வு பெற்று 6 ஆண்டு கழித்து, 61 வயதில், டாக்டர் ஆர். தாரா உள்ளிட்டோருடன் சேர்ந்து தொடங்கிய தொண்டு நிறுவனம். பெயரில் மனச்சிதைவு நோயும் ஆராய்ச்சியும் இரண்டும் உண்டு. வெறும் காப்பகம் என்று அறிமுகப்படுத்திவிடாதீர்கள்.

'நூறாண்டு வாழ்ந்தவர்' என்பதும் தவறு. நூற்றாண்டு 2023இல் வந்தது, அவர் மறைந்த பிறகு.

வார்டு_செவிலி:

குறிஞ்சி டாக்டர், 1961இல் நிலைமை என்ன என்று கேட்டீர்கள். சட்டத்திலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

அப்போது நடப்பில் இருந்தது 1912ஆம் ஆண்டு மனநோயாளிகள் சட்டம். பெரும்பாலானோர் உள்ளே வந்தது நீதிபதியின் ஆணையில். குடும்பம் மனு போட வேண்டும், இரண்டு மருத்துவச் சான்று வேண்டும். தெருவில் திரிபவர் என்றால் போலீஸ் கொண்டுபோய் நீதிபதி முன் நிறுத்தும். உள்ளே வந்தவரை வெளியே அனுப்பவும், மருத்துவமனையை மேற்பார்வையிட அரசு நியமித்த பார்வையாளர் குழுவின் எழுத்து ஆணை வேண்டும். ஆகவே நோய் தணிவதற்கும் வீட்டுக்குப் போவதற்கும் நேரடித் தொடர்பே கிடையாது. சேர்க்கை நடந்துகொண்டே இருக்கும், வெளியேற்றம் நடக்காது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வளாகத்தில் குவிந்தது இப்படித்தான். அத்தனை பேருக்கும் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. சமையல், குளியல், பூட்டு, எண்ணிக்கை எடுப்பது: வார்டின் ஒரு நாள் இதிலேயே தீர்ந்துவிடும்.

அங்கே வெளிநோயாளிப் பிரிவை வளர்ப்பது என்றால் 'ஒரு பிரிவு கூடியது' என்று படிக்காதீர்கள். நீதிபதி இல்லாமல், பூட்டு இல்லாமல் ஒருவர் வந்து மருந்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பலாம் என்று ஆகிறது. சேர்க்கை குறைவதற்கு வழி அதுதான். வெளிநோயாளிப் பிரிவு, சமூகப் பணியாளர், வேலைவழிச் சிகிச்சை, முதுநிலைப் பயிற்சி எல்லாம் ஒன்றோடொன்று கோத்தவை. பயிற்சி மாணவர்கள் இல்லாமல் வெளிநோயாளிப் பிரிவை ஓட்ட ஆள் இருக்காது. சமூகப் பணியாளர் இல்லாமல் வீட்டு முகவரி கிடைக்காது.

நீண்டகாலம் உள்ளே இருந்தவரை வீட்டுக்கு அனுப்புவதில் எங்கெங்கே இடறும் என்பதை 5 நிமிடம் சொல்லுங்கள். கூட்டம் விழித்துக்கொள்ளும்.

முதல் இடறல், ஆளைப் பார்த்துத் தவறாகப் புரிந்துகொள்வது. ஒருவர் பேசாமல், கேட்டாலொழிய எழாமல், கால் இழுத்து நடக்கிறார். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்: மனச்சிதைவின் எதிர்மறை அறிகுறி (பேச்சு, ஆர்வம், செயல் குன்றுவது), மருந்தால் வந்த பார்க்கின்சன் நோய் போன்ற விறைப்பு, ஆண்டுக்கணக்கில் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டே பழகிய மந்தம். முழங்கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். பல்சக்கரம் போலத் தட்டித் தட்டி வந்தால், அதுவும் மருந்தின் அளவைக் கூட்டிய சில வாரங்களில் தொடங்கியிருந்தால், மருந்தைச் சந்தேகியுங்கள். அளவைக் குறைக்க முடியுமா என்று பார்த்த பிறகுதான் விறைப்பைத் தணிக்கும் டிரைஹெக்சிபெனிடில் 2 மில்லிகிராம் பக்கம் போக வேண்டும். விறைப்பு இல்லை, ஆனால் சமையலறையில் வேலை கொடுத்த இரண்டு வாரத்தில் ஆள் மாறுகிறார் என்றால் அது பழக்க மந்தம். இந்த இரண்டும் இல்லை என்ற பிறகே எதிர்மறை அறிகுறி என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி கேஸ்ஷீட்டில் ஏறிவிட்டால், பின்னால் வருகிற எல்லோரும் அதையே நகலெடுப்பார்கள்.

இரண்டாவது முகவரி. போலீஸ் எழுதிய பெயரில் எழுத்துப்பிழை, ஊர்ப் பெயருக்குப் பதில் அருகிலுள்ள ரயில் நிலையம், வேற்று மொழிக்காரர் என்றால் காதில் விழுந்தபடி எழுதியது. அந்த மொழி பேசுபவரை வரவழைத்து, ஊரைக் கேட்காமல் கோயில், ஆறு, சந்தை நாள், பள்ளி என்று கேட்டால் இடம் தெரியவரும். கடிதம் மட்டும் போட்டுக் காத்திருக்கக் கூடாது. பதில் வராததை 'குடும்பம் மறுத்துவிட்டது' என்று எழுதுவது பெரிய தவறு. வீடு மாறியிருக்கலாம், கடிதத்தைப் படிக்க ஆள் இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது, நேரே டிஸ்சார்ஜ் செய்வது. முதலில் ஆள் நேரில் போய் வீட்டைப் பார்க்க வேண்டும், பிறகு சில நாள் விடுப்பு, பிறகு நீண்ட விடுப்பு. விடுப்பில் அனுப்பும்போது மாத்திரைக் கணக்கைச் சரிபாருங்கள். 30 நாள் மாத்திரை கொடுத்துவிட்டு 35ஆம் நாள் வரச் சொன்னால், நடுவில் உள்ள 5 நாளுக்கு யார் பொறுப்பு? 30 நாள் கொடுத்தால் 28ஆம் நாள் வரச் சொல்ல வேண்டும். பொங்கல், தீபாவளியை ஒட்டி வரும் தேதியைத் தவிர்க்க வேண்டும், பஸ் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு, மெல்லச் சொல்லுங்கள்: சொத்துக் கையெழுத்துக்காக மட்டும் வந்து அழைத்துப்போய், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் குடும்பங்கள். வீட்டைப் பார்க்கப் போகும் சமூகப் பணியாளர் இதை மோப்பம் பிடித்துவிடுவார், அறையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரால் முடியாது.

எதிர்வழக்கு:

மேலே உள்ளவை எல்லாம் சரி. ஆனால் 'எல்லாவற்றையும் ஒருவரே மாற்றினார்' என்ற தொனி வந்துவிட வேண்டாம். நல்ல மருத்துவர் ஒருவரை நினைவுகூர அவரைத் தனியாளாக்கிக் காட்டத் தேவையில்லை.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்ததில் அமிர்தசரஸ் மருத்துவமனையின் வித்யா சாகர் 1950களிலேயே முன்னோடி. வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினர்களை நோயாளிகளோடு தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உறவினர் உடன் தங்கும் முறையைப் பின்பற்றியது. அடுத்தது மருந்து. குளோர்புரோமசின் 1952இல் பாரிஸில் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது, சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தது. 1961இல் பொறுப்பேற்றவருக்கு முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காத ஒரு கருவி கையில் இருந்தது. மருந்து இல்லாமல் வெளிநோயாளிப் பிரிவு ஓடியிருக்காது.

எல்லையையும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். கீழ்ப்பாக்கம் இருந்தது, ஸ்கார்ஃப் இருந்தது, இருந்தும் அதே மாநிலத்தில் இது நடந்தது. நகரத்தில் நல்ல நிறுவனம் இருப்பதால் மாவட்டத்தில் மருந்து கிடைத்துவிடாது.

தறிக்கூடம்:

எதிர்வழக்கு சொல்வது நியாயம். அதனால்தான் அவருடைய பங்கு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மருந்து எல்லோருக்கும் வந்தது. மருந்து கொடுத்து அமைதியான பிறகு அந்த ஆள் காலை 10 மணிக்கு என்ன செய்வார் என்ற கேள்வியைப் பலரும் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை. பதவியில் இருந்தபோதும், ஓய்வுக்குப் பிறகு புதிதாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கியபோதும் அதே கேள்வியைத்தான் கையில் வைத்திருந்தார். ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் தனியாகக் கிளினிக் போட்டு உட்காருவதுதான் எளிது.

மாணவர் கையில் எடுக்கக்கூடியது எது என்று கேட்டீர்கள். வேலைவழிச் சிகிச்சையைச் சரியாகச் செய்வது. அதை 'பொழுதுபோக்கு' என்று எழுதித் தள்ளிவிடுகிற துறைகள்தான் அதிகம்.

காகித உறை ஒட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு வேலை இல்லை, ஐந்து: அச்சு வைத்து வெட்டுவது, கோட்டில் மடிப்பது, பசை தடவுவது, அழுத்திக் காயவைப்பது, 25 எண்ணிக் கட்டுவது. கை நடுங்குபவருக்கு வெட்டுவது வராது, ஆனால் எண்ணிக் கட்டுவது வரும். கவனம் நிற்காதவருக்கு எண்ணிக்கை தப்பும், மடிப்பது வரும். இல்லாத குரல் காதில் கேட்பவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்து இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே செய்யும் இடம் நல்லது. சந்தேகம் மிகுந்தவருக்கு அதே இடம் ஆகாது, சுவரைப் பார்த்து உட்காரவிடாமல் கதவைப் பார்த்து உட்காரவையுங்கள். தொடக்கத்தில் அரை மணி, ஒழுங்காக ஒரு வாரம் வந்தால் ஒரு மணி. முதல் நாளே 4 மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, மூன்றாம் நாள் வரவில்லை என்றதும் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவது வாடிக்கையான கோளாறு.

மருந்தும் வேலையும் மோதும் இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை மருத்துவர்தான் கவனிக்க முடியும்:

குளோர்புரோமசின் எடுப்பவரைத் தோட்ட வேலைக்கு அனுப்பினால் வெயில் பட்ட தோல் சீக்கிரம் கருகிச் சிவக்கும். சென்னை வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, காலை 9 மணிக்கு முன் வேலை. குனிந்து களை பிடுங்கிவிட்டு எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். படுத்தும் நின்றும் அழுத்தம் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவர் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். பராமரிப்பு அளவு வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. புதிதாகக் கை நடுக்கம் கூடினாலோ, வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தாலோ வேலையை நிறுத்தி அன்றே ரத்தம் எடுங்கள். வலிக்கு ஐபுபுரூஃபன் கடையில் வாங்கிப் போட்டாரா என்றும் கேளுங்கள், அதுவும் அளவை ஏற்றும்.

காலையில் தூங்கி வழிகிறார் என்றால் வேலையை மாற்றுவதற்கு முன் மருந்து நேரத்தை மாற்றிப் பாருங்கள். பகல் மாத்திரையை இரவோடு சேர்க்க முடியுமா? வலிப்பு உள்ளவரையும் தூக்கக் கலக்கம் உள்ளவரையும் வெட்டும் இயந்திரத்தில், அடுப்பில் நிறுத்தக் கூடாது.

கூலி கட்டாயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 20 இதைத் தெளிவாகச் சொல்கிறது: மனநல நிறுவனத்தில் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்குத் தகுந்த ஊதியம் தர வேண்டும். வார்டைப் பெருக்க நோயாளியை அனுப்பிவிட்டு அதைச் சிகிச்சை என்று எழுதுவது சிகிச்சையில் சேராது. கூலியை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் குடும்பத்தோடு சண்டை வரும். அவர் கையிலேயே கொடுங்கள், முதல் மாதம் டீயிலும் பீடியிலும் போகும், போகட்டும். செலவு செய்யத் தெரிகிறதா என்று பார்ப்பதும் மதிப்பீடுதான்.

தாள்_தேடி:

ஒரு சேர்க்கை. சென்னை நீள்காலத் தொடர் ஆய்வை அவர் பெயரில் போட்டுவிடாதீர்கள். முதல் முறை மனச்சிதைவு வந்த 90 பேரை 1981, 82இல் சேர்த்துத் தொடர்ந்த அந்த ஆய்வு தாரா, ராஜ்குமார் குழுவுடையது; தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி மனநலத் துறையில், ஸ்கார்ஃப் வருவதற்கு முன்பே. 10 ஆண்டு முடிவில் 76 பேரைக் கண்டுபிடித்துப் பார்த்தார்கள், பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். பிறகு 20, 25 ஆண்டுத் தொடர்ச்சியும் வெளிவந்தது. அன்றைய பாடத்தில் மனச்சிதைவு என்றால் ஒரே சரிவு. அதற்கு இங்கிருந்தே மறுப்பு. உங்கள் பேச்சில் இது வரலாம், ஆனால் 'அவர் வளர்த்த சூழலில்' என்ற அளவில்.

குறிஞ்சி_முதுநிலை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோய் சேர்ந்ததை ஸ்கார்ஃபோடு சேர்த்துச் சொல்கிறார்கள், அதன் விவரம்? பிறகு, படங்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. 'அன்பானவர்' என்பதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

சட்டக்குறிப்பு:

1995 சட்டத்தில் ஏழு வகை ஊனம் இருந்தது. அதில் ஏழாவது மனநோய். சேர்க்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் ஸ்கார்ஃபும் உண்டு. சட்டத்தில் பெயர் ஏறியது, பலன் ஏறவில்லை. காரணம், 40 சதவீதம் ஊனம் இருந்தால்தான் சலுகை, மனநோயில் 40 சதவீதத்தை எதை வைத்து அளப்பது? காலுக்கு அளவுகோல் இருந்தது, இதற்கு இல்லை. அதற்காக இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கியதுதான் ஐடியாஸ் அளவுகோல், 2002 முதல் சான்றிதழுக்குப் பயன்பட்டது.

கணக்கு இப்படி: தன்னைப் பராமரித்தல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 4: 2 ஆண்டுக்குள் 1, 2 முதல் 5 வரை 2, 6 முதல் 10 வரை 3, அதற்கு மேல் 4. மொத்தம் 20. மதிப்பெண்ணை நேரே சதவீதமாக்குவதில்லை; 7 வந்தால் 40 சதவீதம் என்று கொள்வார்கள். பிழை எங்கே வரும்? அறிகுறிக்கு மதிப்பெண் போடுவார்கள், கேட்பது செயல்பாட்டை. குரல் கேட்டாலும் தினமும் கடைக்குப் போகிறவருக்கு வேலைப் பகுதியில் மதிப்பெண் குறைவு. குரலே இல்லாமல் கட்டிலை விட்டு இறங்காதவருக்கு அதிகம். இல்லத்தரசிக்கு 'வேலைக்குப் போகவில்லை' என்று 4 போடக் கூடாது. வீட்டு வேலையை வைத்து மதிப்பிட வேண்டும். வீட்டில் யாரையும் கேட்காமல், வந்த ஒருவரின் பதிலை மட்டும் வைத்துப் போடுவதும் தவறு. நோய் உச்சத்தில் இருக்கும்போது அளப்பது அதைவிடப் பெரிய தவறு. 2016 சட்டத்தில் ஊன வகை 21 ஆனது, மனநோய் அதிலும் உண்டு.

படங்கள்: காட்டாதீர்கள். 2017 சட்டம் பிரிவு 23 சிகிச்சை விவரத்தின் ரகசியத்தைக் காக்கிறது. பிரிவு 24 சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. 'துறைக் கூட்டம் ஊடகம் இல்லையே' என்பீர்கள். இன்று திரையில் வருவது பத்து நிமிடத்தில் வாட்ஸாப்பில் வரும். கட்டடம், வாசல், மரம், மருத்துவரின் படம் போதும். கூட்டப் படத்தில் நோயாளி இருந்தால் கண்ணில் கறுப்புப் பட்டை வைப்பதால் பலன் இல்லை. உடை, உடல்வாகு, பக்கத்தில் நிற்பவரை வைத்தே ஊரில் அடையாளம் கண்டுவிடுவார்கள். முழுதாக வெட்டிவிடுங்கள்.

கேஸ் ஒன்று சொல்வதானால் ஊர், தொழில், சாதி, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் எடுத்துவிடலாம். வயதை 'முப்பதுகளில்' என்று சொல்லலாம். நோய் எப்போது தொடங்கியது, எந்த மருந்து எத்தனை காலம் என்பதை மாற்றாதீர்கள், பாடம் அதில்தான். மாவட்ட மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு அந்த நோயாளி பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் கேஸையே விட்டுவிடுங்கள்.

வார்டு_செவிலி:

அன்புக்கு நான் பதில் சொல்கிறேன். அவர் சொன்னதாக ஒரு மேற்கோளைத் தேடி ஓடாதீர்கள், ஃபார்வர்டில் வருகிற பாதி வாசகங்களுக்கு வேர் கிடையாது. அன்பு என்பது நம் வேலையில் வரிசைமுறை. அதைச் செய்து காட்டுங்கள்.

புதிதாக ஒருவரை அழைத்து வருகிறார்கள். கூட வந்த அண்ணன் முந்திக்கொண்டு கதையைத் தொடங்குவார். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நோயாளியை முதலில் பாருங்கள். உறவினரிடம் 15 நிமிடம் பேசிவிட்டு அப்புறம் நோயாளியை உள்ளே கூப்பிட்டால், சந்தேக நோய் உள்ளவருக்கு நீங்களும் சதியில் ஒருவர் ஆகிவிடுவீர்கள். அந்த உறவு பிறகு ஒட்டாது. நோயாளி, பிறகு உறவினர் தனியாக, பிறகு இருவரும் சேர்ந்து. கடைசி ஐந்து நிமிடத்தில், இருவர் முன்னிலையிலும், என்ன மருந்து, எத்தனை நாளில் தூக்கம் வரும், எத்தனை வாரத்தில் குரல் குறையும், என்ன பக்கவிளைவு வந்தால் உடனே வர வேண்டும். முதல் வாரத்தில் தூக்கம் சரியாகிவிடும், உடனே 'குணமாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்துவார்கள். அதை முன்கூட்டியே சொல்லாதது நம் குற்றம். கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொள்ளலாம், கண் மேலே செருகலாம், அது ஊசி போட்டால் அரை மணியில் அடங்கும் என்று முன்பே சொல்லியிருந்தால் பூசாரியிடம் போகமாட்டார்கள், நம்மிடம் வருவார்கள்.

குடும்பத்தைத் திட்டாதீர்கள். நோயாளியைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பது, வெறுப்பது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது, இந்த மூன்றில் ஏதாவது மிகுந்த வீட்டில் நோய் சீக்கிரம் திரும்பும் என்பது பழைய ஆய்வு. அதிலும் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தால் இன்னும் மோசம். பகல்நேர மையத்துக்கு அனுப்புவதன் பலனில் பாதி இதுதான்: அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி. அம்மாவிடம் 'நீங்கள்தான் காரணம்' என்று சொல்லிவிட்டால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

எதிர்வழக்கு:

20 நிமிடத்தைப் பிரிக்க ஒரு யோசனை. வாழ்க்கைக் குறிப்பு 3 நிமிடம், தாளைப் பார்த்தே படியுங்கள், ஆண்டு தப்பாது. 1912 சட்டமும் கீழ்ப்பாக்கமும் 5. வேலைவழிச் சிகிச்சையும் மருந்து மோதலும் 6, இது உங்கள் துறைக்கு நேரடியாகப் பயன்படும். எல்லைகள், ஏர்வாடி 2. மீதி 4 கேள்விக்கு. விருதுகளுக்குத் தனி ஸ்லைடு வேண்டாம், குறிப்பிலேயே வந்துவிடும்.

வழக்கமாக இப்படிக் கூட்டத்துக்கு மருத்துவர்கள் மட்டும் வருவார்கள். செவிலியரையும் சமூகப் பணியாளரையும் வேலைவழிச் சிகிச்சை ஆசிரியரையும் கூப்பிடுங்கள், மேலே பேசியதில் முக்கால்வாசி அவர்கள் செய்கிற வேலை. காலை 8 மணிக்கு வைத்தால் மருந்து கொடுக்கும் நேரம், யாரும் வர முடியாது. மதியம் 2 மணிக்கு வைக்க முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள்.

குறிஞ்சி_முதுநிலை:

கேட்டாயிற்று, 2.15க்கு ஒத்துக்கொண்டார். ஐடியாஸ் பகுதியைக் கேள்வி நேரத்துக்குத் தாளாக அடித்துக் கொடுக்கப் போகிறேன். பிரிவு எண்களை மட்டும் நாளைக்கு ஒருமுறை சட்டத்தில் சரிபார்த்துக்கொள்கிறேன்.